திங்கட்கிழமை பிழைத்த செல்கள்: ஒரு செல் வளர்ப்பு ஆய்வகத்தில் நடந்தது

பின்னணி

தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் உள்ள கல்லூரி ஆய்வகம் அது. கட்டடத்தின் கடைசி மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். செல் வளர்ப்புக்காக, அதாவது உயிருள்ள செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பதற்காக ஒதுக்கிய சிறிய அறையில், கிருமி புகாமல் வேலை செய்ய ஒரு லேமினார் ஃப்ளோ, செல்களை ஒரே சூட்டில் வைத்து வளர்க்க ஒரு பழைய கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், ஒரு வாட்டர் பாத், ஒரு ஏசி. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், அவருடைய வழிகாட்டி, ஒரு டெக்னீஷியன் ஆகியோர்தான் அந்த அறையை அதிகம் புழங்கியவர்கள். வேறு இரண்டு குழுக்களும் அவ்வப்போது இன்குபேட்டரைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நான் இன்னொரு நிறுவனத்தில் செல் வளர்ப்புக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். முடிவுகள் குழப்பமாக இருப்பதாகச் சொல்லி வழிகாட்டி அழைத்தபோதுதான் இதற்குள் வந்தேன். ஆய்வகக் குறிப்பேடுகளையும் சம்பந்தப்பட்டவர்கள் சொன்னதையும் வைத்து, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

மாணவியின் ஆய்வுக்கேள்வி நல்ல கேள்வி. புற்றுநோய் சிகிச்சையில் கட்டியை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதோடு கதிர்வீச்சோ மருந்தோ கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் பெரிய இடைஞ்சல், செல்கள் சூட்டுக்குப் பழகிவிடுவது. ஒருமுறை சூடுபட்டுப் பிழைத்த செல், சில மணி நேரத்துக்குள் அடுத்த சூட்டைத் தாங்கும் வலிமையைப் பெற்றுவிடுகிறது. அப்படிப் பழகுவதில் முக்கியப் பங்கு, சூடுபட்டதும் செல் தன்னைக் காக்கத் தயாரிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கு. வெங்காயத்திலும் ஆப்பிளிலும் உள்ள குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மம் (ஃபிளேவனாய்டு வகை), இந்தப் புரதங்கள் உருவாவதைத் தடுக்கிறது என்று 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே வகைச் சேர்மங்கள் நிறைந்த ஒரு மூலிகைச் சாறும் அப்படிச் செய்யுமா, செல்களைச் சூட்டுக்கு எளிதில் பலியாக வைக்குமா என்பதே மாணவி தேடிய விடை.

செல்லாக அவர் எடுத்தது சிஎச்ஓ, அதாவது சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பு எடுத்து வளர்க்கப்பட்டு வரும் செல்வகை. சூட்டு ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்பட்ட செல்களில் இது ஒன்று. மனிதப் புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் 37 டிகிரியிலேயே எச்எஸ்பி 70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் தாராளமாக இருக்கும். அதனால் சூடு பட்டு அது கூடுகிறதா என்று பார்ப்பது கடினம். சிஎச்ஓவில் அந்தச் சிக்கல் குறைவு. தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சோதனை முறையும் பழக்கமானதுதான். செல்களை பிளாஸ்கில் வளர்த்து, 45 டிகிரி வாட்டர் பாத்தில் 30 நிமிடம் மூழ்க வைப்பது. பிறகு டிரிப்சின் என்ற நொதியைப் போட்டுப் பிரித்து, எண்ணி, குறைந்த எண்ணிக்கையில் தட்டுகளில் விதைப்பது. ஒரு வாரத்துக்கு மேல் வளரவிட்டு, கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றி, 50 செல்லுக்குக் குறையாத காலனிகளை, அதாவது செல் கூட்டங்களை, மட்டும் எண்ணுவது. பிழைத்த செல் என்றால் திரும்பத் திரும்பப் பிரிந்து காலனியாக வளரக்கூடிய செல் என்று பொருள். நம்பகமான முறை, ஆனால் மெதுவானது. இன்று செய்த சோதனையின் விடை தெரிய பத்து நாள் ஆகும். அதற்குள் அடுத்தடுத்த சோதனைகள் நடந்து முடிந்துவிடும். இந்த நிகழ்வில் உண்மை வெளிவரத் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கண்டது

வாட்டர் பாத் சிறியது. பிளாஸ்குகளை நிறைய வைத்தால் தண்ணீரின் வெப்பநிலை இறங்கிவிடும். அதனால் சாறு கொடுத்த செல்களையும் கொடுக்காத செல்களையும் ஒரே நாளில் சூடாக்க முடியவில்லை. சாறு இரண்டு நாள் செல்லோடு இருக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை மதியம் அதைச் சேர்த்து, திங்கட்கிழமை மதியம் சூடாக்கினார்கள். சாறு இல்லாத ஒப்பீட்டுச் செல்களை வியாழக்கிழமை சூடாக்கினார்கள். சாறு தனியாக செல்லைக் கொல்கிறதா என்று பார்க்க, சூடாக்காத ஒப்பீடு திங்கட்கிழமையே இருந்தது. ஆனால் சாறு இல்லாமல், சூடு மட்டும் பட்ட செல் என்ற ஒப்பீடு திங்கட்கிழமை கிடையாது.

மார்ச் மாதச் சோதனைகளில் இரு நாட்களுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஏப்ரல் பாதியிலிருந்து நிலை மாறியது. வியாழக்கிழமைத் தட்டுகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காலனிகள். திங்கட்கிழமைத் தட்டுகளில் காலனிகள் நெருக்கமாக முளைத்திருந்தன. கணக்குப் போட்டால் பல மடங்கு வித்தியாசம். கத்திரி வெயில் தொடங்கியபோது வித்தியாசம் இன்னும் பெரிதானது.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு இது. சாறு செல்லைச் சூட்டுக்குப் பலியாக்கவில்லை, காப்பாற்றுவது போலத் தெரிந்தது. ஆய்வகத்தில் உற்சாகம் கிளம்பியதில் வியப்பில்லை. வெப்ப அலைகள் பற்றி நாளும் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில், செல்லைச் சூட்டிலிருந்து காக்கும் மூலிகை என்றால் யாருக்குத்தான் ஆர்வம் வராது? ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கமும் எழுதியாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

நிறுத்தியவர் வழிகாட்டி. அவருக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, மார்ச்சில் இல்லாத விளைவு மேயில் எங்கிருந்து வந்தது? சாறு அதே புட்டியில் இருந்த சாறுதான். இன்னொன்று, சாற்றின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் பிழைக்கும் விகிதம் ஒரே மாதிரி இருந்தது. ஒரு பொருள் உண்மையிலேயே வேலை செய்தால் அளவுக்கேற்ப விளைவும் கொஞ்சமாவது மாற வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது என்பது என் எண்ணம். விரும்பிய முடிவு கையில் இருக்கும்போது அதைக் கேட்கத் தோன்றுவது சுலபமில்லை.

முதல் முடிவு: சுருக்கத்தை நிறுத்தி வைப்பது

அங்கே எடுத்த முதல் முடிவு, கருத்தரங்குக்கு எதுவும் அனுப்பக்கூடாது என்பது. இரண்டாவது, எந்தத் தரவையும் அழிக்கக்கூடாது என்பது. திங்கட்கிழமைத் தட்டுகள் "தவறாகிவிட்டன" என்று தூக்கிப் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே புதைந்திருக்கும். சாயம் ஏற்றிய தட்டுகள் எல்லாம் தேதியோடு அடுக்கில் இருந்ததால்தான் பிற்பாடு கிழமை வாரியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

முதல் சந்தேகம் வாட்டர் பாத்தின் மேல் விழுந்தது. அதற்குக் காரணம் உண்டு. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், அதே அளவு செல்கள் சாக ஆகும் நேரம் பாதியாகக் குறைகிறது. 1984இல் சப்பரெட்டோவும் டியூவியும் முன்வைத்த கணக்கு இது, இன்றும் சிகிச்சையில் சூட்டின் அளவை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். 45 டிகிரியில் 30 நிமிடம் என்பது 43 டிகிரியில் 120 நிமிடத்துக்குச் சமம். வாட்டர் பாத் ஒரு டிகிரி குறைந்து 44 ஆக இருந்தால், அது 60 நிமிடத்துக்கு இறங்கிவிடும். பாதிச் சூடு. பல மடங்கு கூடுதல் செல்கள் பிழைக்க இதுவே போதும்.

அதனால் திருத்தம் செய்யப்பட்ட வெப்பமானியைத் தண்ணீரிலும், செல் வளரும் திரவமான ஊடகத்தை மட்டும் நிரப்பிய, செல் இல்லாத ஒரு பிளாஸ்குக்குள்ளும் வைத்துப் பார்த்தோம். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பார்த்தோம். தண்ணீர் நிலையாகவே இருந்தது. பிளாஸ்குக்குள் ஊடகம் 45ஐத் தொடச் சில நிமிடங்கள் ஆனது, ஆனால் அந்தத் தாமதம் இரண்டு நாளும் ஒன்றேதான். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனையில் ஒன்றுமில்லை. ஊடகத்தின் அமிலத்தன்மையிலும் வேறுபாடு இல்லை. செல்களின் நெருக்கம் கொஞ்சம் மாறுபட்டது, ஆனால் அந்த அளவு மாற்றம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது.

அப்புறம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சூடாக்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் இந்தச் செல்கள் எங்கே இருந்தன? "இன்குபேட்டரில்தான் சார், 37 டிகிரியில்" என்றார் மாணவி. குறிப்பேட்டிலும் ஒவ்வொரு வேலை நாளும் காலை 10 மணிக்கு 37.0 என்று எழுதியிருந்தது. சனி மதியத்திலிருந்து திங்கள் காலை வரை எந்தப் பதிவும் இல்லை. யாரும் வருவதில்லை, எனவே யாரும் எழுதவில்லை.

வார இறுதியில் நடந்தது

தானே வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறிய லாகர் ஒன்றைக் கொண்டுபோய், அதன் முனையைத் தண்ணீர் நிரப்பிய புட்டியில் இறக்கி இன்குபேட்டருக்குள் வைத்தோம். காற்றில் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கோடு துள்ளும், தண்ணீரில் இருந்தால் செல் உணரும் சூட்டுக்கு நெருக்கமாக இருக்கும். இன்னொரு லாகரை அறைச் சுவரில் மாட்டினோம்.

திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தபோது கோடு தெளிவாகப் பேசியது. சனிக்கிழமை மாலை வரை 37இல் படுத்திருந்த கோடு, இரவில் மெல்ல ஏறத் தொடங்கியது. ஞாயிறு பிற்பகலில் 41ஐத் தாண்டியது. அன்று இரவும் முழுதாக இறங்கவில்லை. திங்கள் காலை அறையில் ஏசி போட்ட பிறகு சரசரவென இறங்கி, பத்து மணிக்கெல்லாம் 37ஐ நெருங்கிவிட்டது. டெக்னீஷியன் எண்ணைப் பார்த்து எழுதும் நேரம் அதுதான்.

மாணவி இரவுக் காவலாளியிடம் போய்க் கேட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் எல்லா ரூம் ஏசியையும் நிறுத்திடுவேன்மா, கரன்ட் பில்லுக்காக அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையிலிருந்து கீ கீ என்று சத்தம் வருவதையும் அவர் கேட்டிருக்கிறார். யுபிஎஸ் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டாராம். உண்மையில் அது இன்குபேட்டரின் அதிக வெப்ப எச்சரிக்கை. சூடு இறங்கியதும் தானாக நின்றுவிடும், பழைய மாடல் என்பதால் எந்தப் பதிவையும் வைத்துக்கொள்ளாது. அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சத்தம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. உள்ளே சூடு கூடினால் ஹீட்டரை நிறுத்திவிட்டு, சூடு வெளி அறைக்குக் கசிந்து போகக் காத்திருக்கும். அறை குளிர்ந்திருந்தால் இது வேலை செய்யும். உள்ளே இருக்கும் விசிறி மோட்டாரும் மின்சுற்றும்கூடக் கொஞ்சம் சூட்டைத் தந்துகொண்டே இருப்பதால், அறை வெப்பநிலையைவிடச் சில டிகிரி மேலேதான் அது நிலைகொள்ளும். அறையைவிட 5 டிகிரியாவது மேலே வைத்தால்தான் கட்டுப்பாடு சரியாக இருக்கும் என்று பல இன்குபேட்டர்களின் கையேட்டிலேயே போட்டிருக்கும். அப்படியானால் 37 டிகிரி வேண்டுமென்றால் அறை 32க்கு மேல் போகக்கூடாது. மே மாதத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத பூட்டிய அறை அந்த எல்லைக்குள் எப்படி நிற்கும்? சுவரில் மாட்டிய லாகர் ஞாயிறு பிற்பகலில் 38ஐக் காட்டியது. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. மார்ச்சில் வித்தியாசம் தெரியாததற்கும் ஏப்ரலில் தொடங்கியதற்கும் இதுவே காரணம்.

செல்லுக்குள் என்ன நடந்திருக்கும்

41 டிகிரியில் சில மணி நேரம் இருந்தால் சிஎச்ஓ செல் சாவதில்லை. பார்ப்பதற்கு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் செல்லின் உள்நிலை மாறிவிட்டது.

சூடு ஏறும்போது செல்லுக்குள் இருக்கும் புரதங்களில் சில தங்கள் மடிப்பிலிருந்து நெகிழத் தொடங்கும். நெகிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் செல்லுக்கு ஆபத்து. எச்எஸ்பி 70 போன்ற துணைப் புரதங்கள் நெகிழ்ந்த இடத்தைப் பற்றிக்கொண்டு, ஒட்டாமல் தடுத்து, மறுபடி மடிய வாய்ப்பளிக்கின்றன. சாதாரண நாட்களில் இந்தத் துணைப் புரதங்களும் எச்எஸ்பி 90உம் இன்னொரு வேலையும் செய்கின்றன. எச்எஸ்எஃப் 1 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தை அடக்கி வைத்திருக்கின்றன. நெகிழ்ந்த புரதங்கள் பெருகினால் துணைப் புரதங்கள் அந்தப் பக்கம் இழுக்கப்படும். எச்எஸ்எஃப் 1 விடுபடும். மூன்று மூன்றாகச் சேர்ந்து, வெப்ப அதிர்ச்சி மரபணுக்களின் முன்பகுதியில் போய் அமர்ந்து, அவற்றை முடுக்கிவிடும். சில நிமிடங்களில் எச்எஸ்பி 70 தயாரிப்பு தொடங்கிவிடும். சூட்டினால் தூண்டப்படும் எச்எஸ்பி 70 மரபணுக்களில் இடைவெட்டுப் பகுதிகள் (மரபணுவின் நகலான ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்க வேண்டிய துண்டுகள்) இல்லை என்பது இங்கே பெரிய வசதி. கடும் சூட்டில் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இயந்திரம் படுத்துவிடும். வெட்டி ஒட்ட வேண்டிய தேவையே இல்லாத செய்தி மட்டும் தடையின்றிப் போய்ச்சேரும்.

போதுமான எச்எஸ்பி 70 சேர்ந்ததும் அதுவே எச்எஸ்எஃப் 1ஐ மறுபடி அடக்கும். தயாரிப்பு நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே தயாரானது நாள் கணக்கில் செல்லில் இருக்கும். இந்த இடைவெளியில் அடுத்த சூடு வந்தால் செல் எதிர்கொள்ளத் தயாராக நிற்கிறது. உட்கருவில் புரதங்கள் திரள்வது குறைகிறது, திரண்டவை விரைவில் கலைகின்றன, புரத உற்பத்தி சீக்கிரம் இயல்புக்கு வருகிறது. வெப்பத் தாங்குதிறன் என்று நாம் சொல்வது இதைத்தான். பொதுவாகச் சில மணி நேரத்தில் உருவாகி, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் மங்கிவிடும். புற்றுநோய்க்கான சூட்டுச் சிகிச்சையை தினமும் கொடுக்காமல் வாரம் ஒன்றிரண்டு முறை என்று இடைவெளி விட்டுக் கொடுப்பதற்கு இதுவும் காரணம்.

பாலூட்டிச் செல்களில் இந்தத் தாங்குதிறனை, ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களில் கெர்னரும் ஷ்னைடரும் 1975இல் பதிவு செய்தார்கள். 1982இல் குளோரியா லீயும் ஸீனா வெர்ப்பும் சீன வெள்ளெலிச் செல்களில், தாங்குதிறன் ஏறி இறங்குவதும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஏறி இறங்குவதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று காட்டினார்கள். கூடவே ஏறுவதால் மட்டும் காரணம் என்று ஆகிவிடாதே என்ற கேள்விக்கு அடுத்த சில ஆண்டுகளில் விடை வந்தது. 1988இல் எச்எஸ்பி 70ஐப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை நுண் ஊசியால் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் குறுகிய நேரச் சூட்டைக்கூடத் தாங்கவில்லை. 1991இல் மனித எச்எஸ்பி 70 மரபணுவை எலிச் செல்லில் வைத்தபோது, முன்சூடு இல்லாமலே அது சூட்டைத் தாங்கியது. 1998இல் எச்எஸ்எஃப் 1 இல்லாத சுண்டெலிகளின் செல்களுக்கு முன்சூடு கொடுத்தும் தாங்குதிறன் வரவில்லை. அதற்காக எல்லாம் எச்எஸ்பி 70தான் என்று சொல்லிவிடவும் முடியாது. இன்னொரு வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்எஸ்பி 27, செல்லின் உருவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகளைக் காக்கிறது. புதுப் புரதம் உருவாவதைத் தடுத்தாலும் சில செல்களில் ஓரளவு தாங்குதிறன் தலைகாட்டுகிறது.

சொல்லப்போனால் இந்தத் துறையே ஒரு இன்குபேட்டரிலிருந்துதான் பிறந்தது. நேப்பிள்ஸ் நகரில் ஃபெரூச்சியோ ரிட்டோஸா பழ ஈக்களின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சக ஆய்வாளர் ஒருவர் இன்குபேட்டரின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டார். குரோமோசோமில் வழக்கத்தில் இல்லாத இடங்களில் புடைப்புகள் எழுந்தன. அவர் அதைக் கழித்துக்கட்டாமல் துருவிப் பார்த்து 1962இல் வெளியிட்டார். அந்தப் புடைப்புகளிலிருந்து வரும் புரதங்களை இன்னாரென்று அடையாளம் காண 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரிபார்த்த விதம்

லாகர் காட்டியது ஒரு வலுவான ஊகம்தான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் வழிகாட்டியும் நானும் ஒத்துப்போனோம். ஒரு தவறான முடிவை இன்னொரு அவசர முடிவால் மாற்றி வைப்பதில் என்ன பயன்?

ஒரே பிளாஸ்கிலிருந்து பிரித்த செல்களை மூன்று வகையாக வைத்தோம். ஒரு பகுதி, தரைத்தளத்தில் வேறொரு துறையின் குளிரூட்டிய அறையில் இருந்த இன்குபேட்டரில், தொடர்ந்து 37இல். இன்னொன்று, அதே அறையில் வைத்து, வேண்டுமென்றே 41 டிகிரியில் ஆறு மணி நேரம் சூடாக்கி மறுபடி 37க்குத் திருப்பியது. மூன்றாவது, மாடி இன்குபேட்டரில் வார இறுதியைக் கழித்தது. எதிலும் மூலிகைச் சாறு கிடையாது. மூன்றையும் திங்கட்கிழமை ஒரே நேரத்தில், ஒரே வாட்டர் பாத்தில், 45 டிகிரியில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் பிளாஸ்க் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதால் பாத்தின் வெப்பநிலை இறங்கவில்லை. தட்டுகளில் எண்களை மட்டும் ஒட்டினோம். எது எது என்று தெரியாத டெக்னீஷியன்தான் காலனிகளை எண்ணினார்.

தொடர்ந்து 37இல் இருந்தவை ஏறக்குறைய அனைத்தும் மடிந்திருந்தன. வேண்டுமென்றே சூடாக்கியவையும் மாடியில் வார இறுதியைக் கழித்தவையும் தாராளமாகப் பிழைத்திருந்தன. புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், சூட்டினால் தூண்டப்படும் எச்எஸ்பி 70ஐ மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியை வைத்துப் பார்த்தபோது, அந்த இரண்டு மாதிரிகளிலும் பட்டை கருமையாகத் தெரிந்தது. முதல் மாதிரியில் பட்டையே இல்லை என்று சொல்லலாம். மாடிச் செல்களில் ஒரு பகுதியைத் தரைத்தளத்துக்கு மாற்றி, 37இல் வைத்து, வியாழக்கிழமை சூடாக்கினோம். பட்டை மங்கியிருந்தது, பிழைப்பும் இறங்கிவிட்டது. மாணவியின் பழைய வியாழக்கிழமைத் தட்டுகள் ஏன் வெறுமையாக இருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான விடை தேவையில்லை.

கடைசியாக, சாறுள்ள செல், சாறில்லாத செல் இரண்டையும் தரைத்தளத்தில் வளர்த்து ஒரே நாளில் சூடாக்கினார்கள். பயன்படுத்திய அளவுகளில் சாறு செல்லைக் காக்கவும் இல்லை, பலியாக்கவும் இல்லை.

பின்விளைவு

ஆய்வுச் சுருக்கம் அனுப்பப்படவில்லை. மாணவிக்கு அது பெரிய ஏமாற்றம், மறைப்பதற்கில்லை. பல மாத உழைப்பு ஒரே நாளில் வேறு பொருளாகிவிட்டது. பழைய திங்கட்கிழமைத் தரவு ஆய்வேட்டின் பின்னிணைப்பில், லாகர் கோட்டோடு சேர்த்து, ஏன் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை என்ற விளக்கத்துடன் வைக்கப்பட்டது. அதைப் பூட்டி வைத்திருந்தால் அடுத்து அந்த அறைக்கு வரும் மாணவர் அதே குழியில் விழுந்திருப்பார்.

ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் மாறியது. மிதமான, நீண்ட நேரச் சூட்டில் சிஎச்ஓவின் தாங்குதிறன் எப்படி எழுகிறது, எப்படித் தணிகிறது என்பதை மாணவி ஒழுங்காக அளக்கத் தொடங்கினார். 45 டிகிரியில் சில நிமிடம் என்ற கடும் முன்சூட்டைப் பற்றித்தான் பழைய ஆய்வுகள் ஏராளம். வெப்ப நாட்களில் உண்மையில் நடப்பது போல 39, 40 என்று மெல்ல ஏறி, மணிக்கணக்கில் நின்று, மெல்ல இறங்கும் சூட்டைப் பார்ப்பதிலும் பொருள் இருக்கிறது.

கல்லூரி நிர்வாகத்திடம் லாகர் கோட்டைக் காட்டியபோது, வார இறுதியில் அந்த அறையின் ஏசியை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். காரணம் புரிந்தால் கேட்கிறார்கள். இதுவரை யாரும் காரணத்தோடு போய்க் கேட்டிருக்கவில்லை. காவலாளிக்கு எச்சரிக்கைச் சத்தம் எதுவென்று காட்டி, அழைக்க வேண்டிய எண்ணைக் கதவில் ஒட்டினார்கள்.

ஒரு குறிப்பு. இந்த முடிவுகளைக் கேட்ட சிலர், அப்படியானால் வெயிலில் நடமாடினால் நம் உடம்பும் இப்படித்தான் பழகுகிறதா என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. வெயிலில் வேலை செய்பவரின் உடல் பழகுவதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். வியர்வை சீக்கிரம் சுரப்பது, இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவது, இதயத் துடிப்பு தணிவது என்று முழு உடலும் மாறுவது அது. செல்லின் தாங்குதிறன் மணிக்கணக்கில் வந்து நாள் கணக்கில் போய்விடுவது. மனித இரத்த அணுக்களிலும் பழக்கத்தின்போது எச்எஸ்பி 70 கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் தட்டில் வளரும் வெள்ளெலிச் செல்லைக் காட்டி, வெயிலில் போகலாம் என்று யாருக்கும் சொல்லிவிடக் கூடாது.

இனி மாற வேண்டியவை

ஒப்பீட்டுச் செல்லும் சோதனைச் செல்லும் ஒரே நாளில், ஒரே பாத்தில் சூடாக வேண்டும். பாத் சிறியது என்றால் பிளாஸ்குகளைக் குறைத்துக்கொண்டு அதிக வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். நாட்களைப் பிரித்துப்போடுவது மட்டும் கூடாது. இந்த ஒரு ஏற்பாடு முதலிலிருந்தே இருந்திருந்தால், இன்குபேட்டர் எவ்வளவு சூடானாலும் பொய்யான வித்தியாசம் தோன்றியிருக்காது.

செல்லின் சூட்டு வரலாறு குறிப்பேட்டில் இருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு சோதனைக்கும் முந்தைய ஐந்து நாளின் லாகர் கோட்டை வெட்டி ஒட்டுகிறார்கள். கோடு 38ஐத் தாண்டியிருந்தால் அந்தச் செல்லைச் சூட்டுச் சோதனைக்கு எடுப்பதில்லை, 37இல் ஐந்து நாள் வளர்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். 38 என்ற எல்லை கொஞ்சம் கடுமையானது என்று எனக்கும் தெரியும். தொடக்கத்தில் கடுமையாக இருப்பதே நல்லது. முக்கியமான சோதனைகளில், சூடாக்குவதற்குச் சற்று முன் எடுத்த மாதிரியில் எச்எஸ்பி 70 பட்டையையும் பார்த்துவிடுகிறார்கள். செலவு அதிகமில்லை, சந்தேகம் வராது.

குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் வாங்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஏசி பழுதானாலும் அது 37இல் நிற்கும். விலை காரணமாக எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை வெயில் மாதங்களில் சூட்டுச் சோதனைக்கான செல்கள் தரைத்தளத்தில்தான் வளரும்.

இன்னும் முடியாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முன்சூடு பட்ட செல் வேறு சில தாக்குதல்களையும், உதாரணமாக ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றையும், கூடுதலாகத் தாங்கக்கூடும். அதே இன்குபேட்டரைப் பயன்படுத்திய மற்ற இரண்டு குழுக்களும் நச்சுத்தன்மைச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கோடைக்காலத் தரவையும் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். ஒரு குழு பார்த்துவிட்டது, அவர்களுக்கு ஒப்பீடு ஒரே நாளில் இருந்ததால் முடிவு மாறவில்லை. இன்னொரு குழு சில சோதனைகளைத் தரைத்தளத்தில் மறுபடி செய்துகொண்டிருக்கிறது.